வாசகர் கேள்வி – பதில்: வீட்டோடு தங்கிப் பராமரிக்க வருபவரும் அவரை அழைக்கும் வீட்டாரும்

சிங்கப்பூரில் வாழும் உறவினர்களின் வீடுகளில் முதியோரைப் பராமரிப்பதற்கு இங்கிருந்து ஒருவரை அனுப்புவது பற்றியும், அங்கே ஏற்கெனவே அப்படியொருவரை வைத்திருப்பது பற்றியும் வன்னிப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதிலளிக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் அக்காவின் மகன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று அங்கே குடும்பத்தோடு வாழ்கிறார். அவருடைய மாமியாருக்கு 74 வயது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காது. அவரைப் பார்த்துக்கொள்ள என் மகளை அழைக்க விரும்புகிறார்கள். மகளுக்கு 24 வயது; சாதாரண தரம் வரை படித்தவள். "உறவு என்பதைச் சொல்லாமல் விண்ணப்பித்தால் போதும்" என்கிறார் ஒரு முகவர். என்ன செய்யலாம்? (வாசகி, பரந்தன்)

பதில்: முகவரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதிப்படி, வீட்டுப் பணிப்பெண்ணாக வருபவர் தம்மை வேலைக்கு அமர்த்துபவரின் உறவினராக இருக்கக்கூடாது. உங்கள் மகள் அவருக்குத் தங்கை முறை. இதை மறைத்து விண்ணப்பித்தால், பொய்யான தகவல் கொடுத்த குற்றத்துக்கு 20,000 சிங்கப்பூர் டொலர் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அங்குள்ள சட்டத்தில் இடமுண்டு. பிடிபடும்போது முகவர் அருகில் நிற்கமாட்டார். உங்கள் அக்கா மகனும் உங்கள் மகளும்தான் நிற்பார்கள்.

இந்த விதி கடுமையானது என்று உங்களுக்குத் தோன்றலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியம்மாவின் மகன் வீட்டில் வேலை செய்யும்போது சம்பளம் பிந்தினால் கேட்பதற்கு நாக்கு எழாது. லீவு கேட்டால் "சொந்த வீட்டில் என்ன லீவு" என்ற பதில் வரும். மனம் கசந்து திரும்பி வந்தால் இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் பேச்சு நின்றுபோகும். இப்படிப் பிரிந்த குடும்பங்களைத் தேடி நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

உறவில்லாத ஒருவரை அவர்கள் இலங்கையிலிருந்து அழைக்கலாம். சிங்கப்பூர் அனுமதித்திருக்கும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. வருபவர் 23 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்ணாகவும், குறைந்தது 8 ஆண்டுகள் பள்ளியில் படித்தவராகவும் இருக்க வேண்டும். வன்னியில் இந்த எட்டு ஆண்டுப் படிப்பு பலருக்கு இருந்தாலும் அதைக் காட்டும் பத்திரம் இருப்பதில்லை. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறி, விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் வழியிலேயே இழந்தவர்கள் இப்போது சரியாக இந்த வயதில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் முகவரைத் தேடுவதற்கு முன்னர், கடைசியாகப் படித்த பாடசாலையின் அதிபரையோ வலயக் கல்விப் பணிமனையையோ நாடி, படித்த ஆண்டுகளுக்கான சான்றைப் பெற்றுக்கொள்வது நல்லது. பத்திரம் இல்லை என்பதை அறிந்துகொண்ட முகவர் "நாங்கள் ஒன்று செய்து தருகிறோம்" என்று முன்வருவார். பொய்யான பத்திரத்தின் பாரம் அதைக் கொண்டு செல்பவரின் தலையில்தான் விழும்.

இனி, உங்கள் அக்கா மகன் செய்ய வேண்டியவை. வேலைக்கு ஆள் வைப்பது என்றால் சம்பளம் மட்டும்தானே என்று நினைத்து அழைப்பவர்கள் பலர். அவர் முதன்முறையாகப் பணிப்பெண்ணை அமர்த்துகிறார் என்றால், விண்ணப்பத்துக்கு முன்னரே தொழில் வழங்குநர்களுக்கான அறிமுக வகுப்பை முடித்திருக்க வேண்டும்; அதை இணையத்திலும் முடிக்கலாம். 5,000 டொலருக்கான பிணை உறுதியை அரசுக்குக் கொடுக்க வேண்டும்; வழக்கமாக இதைக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மூலமாகவே ஏற்பாடு செய்வார்கள். வைத்தியசாலைச் செலவுக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 60,000 டொலரும், விபத்துக்கு 60,000 டொலரும் காப்புறுதி எடுக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்சத் தொகை 15,000 டொலராக இருந்தது. 2023 யூலை முதலாம் திகதியிலிருந்துதான் இப்படி உயர்த்தப்பட்டது. இவற்றோடு மாதந்தோறும் அரசுக்குச் செலுத்தும் தீர்வை ஒன்றும் உண்டு. பொதுவாக அது 300 டொலர். வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன முதியவர் இருந்து, குடியுரிமை, முகவரி முதலிய நிபந்தனைகளும் பொருந்தினால் 60 டொலராகக் குறையும். மாமியாருக்கு 74 வயது என்பதால் இந்தச் சலுகையைப் பற்றி அவர் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

தீர்வை, காப்புறுதி, பிணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனை, வேலை முடிந்து நாடு திரும்பும் பயணம் ஆகிய அனைத்தும் தொழில் வழங்குநரின் செலவு. இவற்றில் ஒன்றையேனும் சம்பளத்தில் கழிக்க முடியாது. இங்கிருந்து போகிறவர் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் "உனக்காக எவ்வளவு கட்டியிருக்கிறோம் தெரியுமா" என்ற பேச்சு பெரும்பாலும் முதல் மாதச் சம்பளத்தன்றுதான் எழும். பணிப்பெண்ணிடம் சிங்கப்பூர் முகவர் நிலையம் அறவிடக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல். சிங்கப்பூரில் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் எதையும் வகுக்கவில்லை; வீட்டுப் பணியாளர் அந்நாட்டின் வேலை நியமனச் சட்டத்துக்குள்ளும் அடங்குவதில்லை. ஆகவே சம்பளத் தொகை, லீவு நாள், செய்ய வேண்டிய வேலைகள் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்காமல் புறப்படக்கூடாது.

வேலைகள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாரிசவாத நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, தூக்கி நாற்காலியில் அமர்த்துவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவு ஊட்டுவது ஆகியவை பழகிச் செய்ய வேண்டிய வேலைகள். பழகாதவர் நோயாளியையும் விழுத்தித் தன் முதுகையும் முறித்துக்கொள்வார். பராமரிப்பாளர் பயிற்சிக்கு அங்கே மானியம் உண்டு. அதைப் பணிப்பெண்ணின் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். மாமியாரின் அறையிலேயே படுத்து, இரவில் நான்கு முறை எழுந்து, காலையில் ஐந்து பேருக்குச் சமைத்து, பின்னேரம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதும் ஒரே ஆளின் கடமை என்றால், அந்த வீட்டுக்கு ஒருவர் போதாது என்று உங்கள் அக்கா மகனிடம் நீங்களே சொல்லலாம். சின்னம்மா சொன்னால் கேட்பார்.

இன்னொன்று. முற்றமும் கிணற்றடியும் உள்ள வீட்டில் வளர்ந்தவர் அங்கே பத்தாம் மாடியில் வேலை செய்வார். யன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதென்றால் யன்னல் கம்பிகள் பூட்டப்பட்டிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அருகில் நின்று கவனிக்கவும் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பணிப்பெண்கள் மாடியிலிருந்து விழுந்து இறந்த பின்னர் 2012இல் வந்த கட்டுப்பாடு அது. முதன்முறை போகிறவர்களுக்கு நடத்தப்படும் ஒருநாள் அறிமுகப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். இருந்தாலும் இங்கேயே தெரிந்துகொண்டு போவது நன்று.

கேள்வி: எனக்கு 29 வயது. கணவர் இல்லை. ஐந்து வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பிள்ளைகள். நுண்கடன் கட்ட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரோ மத்திய கிழக்கோ எங்காவது பராமரிப்பு வேலைக்கு அனுப்புவதாகவும், முற்பணமாக 2 இலட்சம் ரூபாய் தருவதாகவும் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினார். கடவுச்சீட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் போகலாமாம். (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். 2022இல் ஓமானுக்கு இதே வழியாகக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே விற்பனைப் பொருளாக நடத்தப்பட்ட செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. வேலைக்காக வெளிநாடு செல்லும் எவரும் புறப்படுவதற்கு முன்னர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அமைப்பு அது. பதிவில்லாமல் போனவருக்கு ஒரு சிக்கல் வந்தால், அவருக்காகப் பேசத் தூதரகத்தின் கையில் எந்தப் பத்திரமும் இராது.

உங்கள் இளைய பிள்ளைக்கு இரண்டு வயது நிறையவில்லை. 2022இல் தளர்த்தப்பட்ட விதிகளின்படியும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயார் வீட்டுப் பணிக்குச் செல்ல அனுமதியில்லை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் யார் பொறுப்பு என்ற ஏற்பாட்டை உறுதிப்படுத்த வேண்டும். வீட்டுக்கு வந்தவர் இதை அறியாதவராக இருக்கமாட்டார். அறிந்துகொண்டே சுற்றுலா விசா என்கிறார் என்றால், அவர் தரும் 2 இலட்சம் உங்களுக்கான உதவியல்ல. அந்தப் பணத்தைச் சம்பளத்திலிருந்து பிடித்துத் தீரும்வரை நீங்கள் வேலையை விட்டு வரமுடியாது. நுண்கடனிலிருந்து விலகி அதைவிடப் பெரிய கடனுக்குள் இறங்குகிறீர்கள். அவர் சொல்லும் முகவர் நிலையத்துக்கு உரிமம் உண்டா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கடவுச்சீட்டு எடுப்பதற்கும் இடைத்தரகர் தேவையில்லை; வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் ஒரு பணிப்பெண்ணை வைத்திருக்கிறாள். அவரைப் பிள்ளை மாதிரித்தான் நடத்துகிறாள். ஆனால் வெளியே அனுப்பினால் யாருடனாவது பழகிவிடுவார், கர்ப்பமாகிவிட்டால் 5,000 டொலர் பிணைப்பணம் போய்விடும் என்ற அச்சத்தில் லீவு கொடுப்பதில்லை. கடவுச்சீட்டையும் பத்திரமாக மகளே வைத்திருக்கிறாள். இது சரியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா)

பதில்: ஐயா, பிணைப்பணம் பற்றிய அச்சம் பழைய கதையொன்றின் மிச்சம். 2010ஆம் ஆண்டு முதல், பணிப்பெண் தமக்குரிய நிபந்தனையைத் தாமே மீறினால் தொழில் வழங்குநரின் பிணை பறிக்கப்படுவதில்லை. அந்த நிபந்தனைகளை அவருக்கு முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும், மீறலை அறிந்தவுடன் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். பணிப்பெண் காணாமற்போனாலும், தேடுவதற்கு நியாயமான முயற்சி எடுத்தவரிடம் பாதித் தொகையான 2,500 டொலர் மட்டுமே அறவிடப்படும். அடிப்படையே இல்லாத அச்சத்துக்காக ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருப்பதைத் தங்கள் மகளும் விரும்பமாட்டார்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது 2013 முதல் அங்கே சட்டம். இருதரப்பும் உடன்பட்டால் அந்த நாளில் வேலை செய்து, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வரும் தொகையைக் கூடுதலாகப் பெறலாம். 650 டொலர் சம்பளமென்றால் 25 டொலர். ஆனால் 2023 சனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. அதை ஓய்வாகவே கொடுக்க வேண்டும். ஆகவே மகள் இப்போது செய்வது சட்ட மீறல். கடவுச்சீட்டும் அப்படியே: அதையும் தொழில் அனுமதி அட்டையையும் வைத்திருக்க வேண்டியவர் பணிப்பெண். களவு போகுமென்று அஞ்சினால் பூட்டக்கூடிய ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்து, சாவியை அவரிடமே விடலாம். சம்பளத்தைச் "சேர்த்து வைத்துத் தருகிறேன்" என்பதற்கும் அனுமதியில்லை. ஒவ்வொரு மாதக் கணக்கும் முடிந்து ஏழு நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளை மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியிருப்பீர்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் தங்கள் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே. பணிப்பெண்ணுக்குப் போவதற்கு இடமில்லையென்றால், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2016இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர்களுக்கான நிலையம் இருக்கிறது. கோயிலும் தேவாலயமும் இருக்கின்றன. அன்றைக்கு முதியவரை யார் பார்ப்பது என்பதை மகளும் மருமகனும் மாதத் தொடக்கத்திலேயே தமக்குள் பேசி நாட்களைக் குறித்து வைத்தால் சிக்கல் வராது.

கேள்வி: எங்கள் அம்மா, அப்பாவைப் பார்க்க இங்கேயே ஒரு பெண்ணை வீட்டோடு வைத்திருக்கிறோம். சம்பளம் கனடாவிலுள்ள தம்பி அனுப்புகிறார். எங்களுக்கும் இத்தகைய விதிகள் உண்டா? (வாசகர், மாங்குளம்)

பதில்: மிகக் குறைவு. வீட்டு வேலையாட்களுக்கென்று இங்கே தனியாக இருப்பது 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். அது வேலையாளைக் கண்காணிக்க எழுதப்பட்டது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், பத்து வருடம் உழைத்தவரும் வெறுங்கையோடு போக நேரலாம். எனவே நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்: மாதச் சம்பளம், கிழமையில் ஓய்வு நாள், நோயுற்றால் மருந்துச் செலவு யாருடையது, வேலையை நிறுத்தினால் எத்தனை வாரம் முன்னறிவித்தல், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எவ்வளவு சேமிப்பாக ஒதுக்கப்படும். தம்பி பணம் அனுப்பினாலும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருப்பவர் நீங்கள். கையொப்பமும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். கனடாவிலிருந்து காசு பிந்தும் மாதங்களில் அவருடைய சம்பளம் பிந்தாதபடி ஒரு மாதத் தொகையை முற்கூட்டியே வங்கியில் வைத்திருங்கள். சம்பளத்தை அவருடைய பெயரிலுள்ள கணக்கில் வைப்பிலிட்டு, அந்தப் புத்தகத்தை அவரிடமே கொடுங்கள்.