மரவள்ளித் தழையும் மைட்டோகாண்ட்ரியாவும்: கேள்வி பதில்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் கணக்கப்பிள்ளையின் மகளாகப் பிறந்து, சேலத்தில் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைட்டோகாண்ட்ரியாவில் புரதங்களின் தரக்கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்து ஓய்வு பெற்றவள் நான். நம் வட்டாரத்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஓமலூர், பதினோராம் வகுப்பு மாணவி: அம்மா, மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தருகிறது என்று படித்திருக்கிறோம். அங்கே தரக்கட்டுப்பாடு எதற்கு?

மனித மைட்டோகாண்ட்ரியாவில் ஏறத்தாழ 1,100 வகைப் புரதங்கள் இருக்கின்றன. அதற்கென்று சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. இருந்தாலும், அதில் 13 புரதங்களுக்கான குறிப்பு மட்டுமே உண்டு. மற்றவை எல்லாம் வெளியே, சைட்டோபிளாசத்தில் தயாராகி உள்ளே வந்து சேர வேண்டியவை. வழியோ மிகக் குறுகியது. மடிந்து உருண்ட புரதம் அதில் நுழையாது. 1986-இல் பாசல் நகரில் காட்ஃப்ரீட் ஷாட்ஸின் ஆய்வகத்தில் ஒரு புரதத்தை மருந்து மூலக்கூறு ஒன்றால் இறுக்கிப் பிடித்து அவிழவிடாமல் செய்தபோது, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவே இல்லை. ஆகவே ஒவ்வொரு புரதமும் நூலாக அவிழ்ந்து உள்ளே போய், மறுபடியும் சரியான வடிவில் மடிந்தாக வேண்டும். அப்படி மடிவதற்கு ஹெச்.எஸ்.பி. 60 என்ற துணைப்புரதம் தேவை என்பதை ஆர்தர் ஹார்விச்சும் உல்ரிச் ஹார்டலும் 1989-இல் ஈஸ்ட்டைக் கொண்டு காட்டினார்கள்.

துணை இருந்தும் மடியாத புரதத்தை லான் போன்ற நொதிகள் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. வெட்டித் தீராத அளவுக்குக் கோளாறு முற்றினால் அந்த மைட்டோகாண்ட்ரியாவையே செல் விழுங்கிச் செரித்துவிடுகிறது. பாடநூல் ஆற்றலைப் பற்றியே பேசுகிறது; இந்த ஓயாத திருத்தல் இல்லாவிட்டால் அந்த ஆற்றல் சில நாள்கூட நிலைக்காது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆத்தூர், மரவள்ளி விவசாயி: எங்கள் வெள்ளாடு ஒன்று மரவள்ளித் தழையை மேய்ந்து சிறிது நேரத்தில் துடிதுடித்துச் செத்துப்போயிற்று. சயனைடு என்றார் கால்நடை மருத்துவர். இதற்கும் நீங்கள் ஆராய்ந்ததற்கும் தொடர்பு உண்டா?

உண்டு ஐயா, என் ஆய்வின் நடுப்புள்ளியே அதுதான். மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. ஆடு தழையை மெல்லும்போது திசு நசுங்கி, செடியில் தனியே இருந்த ஒரு நொதி லினமாரினோடு கலக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியைப் பற்றிக்கொள்வதால், இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்கு அது பயன்படாமல் போகிறது.

அதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ரோடனேஸ் என்று ஒரு நொதியும் இருக்கிறது. அது சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, நஞ்சு மிகக் குறைந்த தயோசயனேட்டாக மாற்றிவிடும். நேரத்தோடு கொண்டுபோனால் மருத்துவர் ஊசியில் சோடியம் தயோசல்பேட் ஏற்றுவது அந்த நொதிக்குக் கந்தகம் கொடுப்பதற்காகத்தான். சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, மாவைத் தொட்டியில் நீர்விட்டுக் கழுவித் தெளியவைத்துக் காயவைப்பதில் சயனைடின் பெரும்பகுதி நீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. பச்சைத் தழைக்கும் பச்சைத் தோலுக்கும் அந்தப் பக்குவம் கிடைப்பதில்லை. தயவுசெய்து ஆடுகளை அவற்றின் அருகே விடாதீர்கள்.

ரோடனேஸும் வெளியே தயாராகி அவிழ்ந்து உள்ளே போய் மடிய வேண்டிய புரதம். அதுவும் எளிதில் மடியாத பிடிவாதக்காரப் புரதம். குவனிடின் கரைசலில் அதை அவிழ்த்து, சுத்தமான கரைசலில் ஊற்றினால் சில நிமிடங்களில் அரிசி கழுவிய நீர்போல் கலங்கிவிடும். புரத இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிட்டன என்று பொருள். துணைப்புரதங்களையும், அவற்றுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறையும் முன்பே சேர்த்து வைத்திருந்தால் கரைசல் தெளிவாகவே நிற்கும். பிறகு சயனைடும் தயோசல்பேட்டும் கொடுத்து, இறுதியில் இரும்பு உப்பைச் சேர்க்கும்போது, உண்டான தயோசயனேட்டால் இரத்தச் சிவப்பு நிறம் எழுந்தால், நொதி மடிந்து வேலையும் செய்திருக்கிறது என்று அறிகிறோம். அந்தச் சிவப்பை முதன்முதலாகப் பார்த்த நாளில், சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டில் செத்துக் கிடந்த ஆடுதான் என் நினைவுக்கு வந்தது.

சேலம், முதுகலை மாணவர்: ஆராய்ச்சியில் உங்களுக்கு மிகப் பெரிய சறுக்கல் எது?

ஈஸ்ட்டில் ஒரு மரபணுவை நீக்கினால் குறிப்பிட்ட ஒரு புரதம் மறைந்துபோவதைக் கண்டு, தரக்கட்டுப்பாட்டு நொதி ஒன்றுதான் அதை வெட்டுகிறது என்று எட்டு மாதம் நம்பியிருந்தேன். செல்லை உடைக்கும்போது புரதம் சிதையாமல் காக்கச் சேர்க்கும் பி.எம்.எஸ்.எஃப். என்ற பொருள், சற்றே காரமான நீர்க்கரைசலில், அறை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். நானோ காலையில் கலந்த கரைசலை மாலைவரை பயன்படுத்தினேன். அதுவும் மரபணு நீக்கிய ஈஸ்ட்டை எப்போதும் கடைசியாகவே உடைத்தேன். செல்லுக்குள் நடந்ததாக நான் எழுதி வைத்தது என் குழாய்க்குள் நடந்தது. வரிசையை மாற்றி உடைத்துப் பார்க்கும்படி என் வழிகாட்டி சொன்ன அன்றே உண்மை தெரிந்துவிட்டது. நீங்கள் எந்தப் பொருளைக் கலந்தாலும் குப்பியில் தேதியோடு மணியையும் எழுதுங்கள்.

ஏற்காடு, தோட்ட ஊழியர்: என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மைட்டோகாண்ட்ரியாவை வலுவாக்கும் மாத்திரை என்று ஒன்றை விற்கிறார்கள். வாங்கலாமா?

அந்தப் பணத்தை அப்பாவின் மருந்துக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் செலவிடுங்கள் என்பதே என் பதில். பார்க்கின் என்ற மரபணு 1998-இலும் பிங்க்-1 என்ற மரபணு 2004-இலும் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்டன. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அடையாளமிட்டு அகற்றுவது இவை இரண்டின் வேலை என்பது உண்மை. ஆனால் இவற்றில் பிழை இருப்பவர்கள் நோயாளிகளில் சிறு பகுதியினரே. பெரும்பாலும் இளவயதிலேயே நோய் தொடங்கியவர்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் என்று கருதப்பட்ட கோஎன்சைம் கியூ-10 என்ற பொருளை 600 நோயாளிகளிடம் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். பயன் ஏதும் தென்படவில்லை. அப்பாவின் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மேட்டூர், பெற்றோர் ஒருவர்: இந்தத் துறைக்கு என் மகள் என்ன படிக்க வேண்டும்?

உயிர்வேதியியல், வேதியியல், நுண்ணுயிரியல் எதில் முதுகலை முடித்தாலும் சரி. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழி திறக்கும். வேதியியலில் அடித்தளம் உறுதியாக இருக்கட்டும்.

சேலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இன்னும் உங்கள் மனத்தை விட்டு அகலாத கேள்வி எது?

ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில், சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நாள்தோறும் உண்டு, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் உணவில் குறைந்துபோனவர்களுக்குக் கொன்சோ என்ற நோய் வருகிறது. கால்கள் திடீரென விறைத்துப்போய், பிறகு சரியாவதே இல்லை. மறுபக்கம், மைட்டோகாண்ட்ரியாவில் கெட்ட புரதத்தை வெட்டும் நொதிகளில் ஒன்றான பாராப்ளெஜினில் பிழை இருந்தால், பரம்பரையாக, மெல்ல மெல்ல, அதே கால்கள் அதேபோல் விறைக்கின்றன என்று 1998-இல் கண்டறிந்தார்கள். ஒன்று வெளியிலிருந்து வரும் நஞ்சு, மற்றொன்று உள்ளே துப்புரவு தவறுவது. உடம்பின் எல்லாச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்க, இரண்டும் மூளையிலிருந்து இடுப்புத் தண்டுவடம்வரை நீண்டு செல்லும் அந்த நரம்பிழைகளையே ஏன் தேடிப் பிடிக்கின்றன? இழை நீளமாக இருப்பதால் கடைக்கோடி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புதுப் புரதம் போய்ச் சேர நாளாகிறது என்பது நான் சாய்ந்திருக்கும் விளக்கம். ஓய்வு பெற்ற பிறகும் மாணவர்கள் இருவரோடு அதைப் பற்றித்தான் வாரந்தோறும் பேசிக்கொண்டிருக்கிறேன்.