கணினிக் கேள்வி–பதில்: பழைய கெர்னலை அழிக்காதீர்கள்

கேள்வி: புது லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21.3 போட்டிருக்கிறேன். வைஃபை வேலை செய்யவே இல்லை. கெர்னலை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கெர்னல் என்பது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி; அதை மட்டும் மாற்றலாம். முதலில் வைஃபை சிப் எது என்று பாருங்கள். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை அடித்தால் உள்ளே இருக்கும் சிப்களின் பட்டியல் வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் ரியல்டெக் 8852பிஇ என்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது: மின்ட் 21.3 உடன் வரும் கெர்னல் 5.15, அந்தச் சிப்பின் டிரைவர் கெர்னலுக்குள் வந்ததே 6.2இல்தான். 6.8க்குப் போனால் போதும்.

வைஃபை இல்லாமல் டவுன்லோடு எப்படி? போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நகல்) எடுத்துக்கொண்டு, அப்டேட் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' திறவுங்கள். எச்சரிக்கையைத் தாண்டினால் இடப்பக்கம் வரிசை எண்கள் இருக்கும். 6.8ஐத் தொட்டு, பட்டியலில் மேலே இருப்பதை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். 5.15 எங்கேயும் போகாது. இரண்டும் வட்டில் இருக்கும், எண்ணில் பெரியதை கிரப் (கணினி தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் புரோகிராம்) தானாக எடுத்துக்கொள்ளும். எது ஓடுகிறது என்று பார்க்க 'யுநேம்', ஓர் இடைவெளி, மைனஸ், சின்ன ஆர்.

'லினக்ஸ் ஃபர்ம்வேர்' பேக்கேஜையும் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு புரோகிராம்கள்) அதே நேரத்தில் புதுப்பித்துவிடுங்கள். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் பழசாக இருந்தால் சிப் எழுந்திருக்காது. இதே சிப்புக்கு ஏற்கெனவே எங்கிருந்தோ டிரைவர் இறக்கிக் கையால் கம்பைல் செய்து போட்டிருந்தால், முதலில் அதை நீக்குங்கள். இரண்டு டிரைவர்கள் ஒரே சிப்புக்கு மல்லுக்கட்டினால் நேரம்தான் வீண்.

கேள்வி: கெர்னல் அப்டேட் ஆனதும் திரை கறுப்பாகிவிட்டது. நிவிடியா கார்டு. டேட்டா போய்விட்டதா?

பதில்: டேட்டா பத்திரம். பழைய கெர்னலில் பூட் செய்யுங்கள்: கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்தபடி). எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். படபடவென்று தட்டினால் கிரப்பின் கட்டளைத் திரையில் போய் நிற்கும். அப்படி நின்றால் 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர், உடனே ஒரு எஸ்கேப். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், சின்ன எண் உள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ரெகவரி மோடு வேண்டாம்.

உள்ளே வந்ததும் காரணத்தைத் தேடலாம். நிவிடியா டிரைவர் கெர்னலோடு சேர்ந்தது அல்ல. ஒவ்வொரு கெர்னலுக்கும் தனி மாட்யூல் (கெர்னலில் செருகும் டிரைவர் துண்டு) வேண்டும், பெரும்பாலும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைக் கட்டிக்கொடுக்கும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்துப் புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அந்த எண்ணுக்குரிய 'லினக்ஸ் ஹெட்டர்ஸ்' பேக்கேஜ் இல்லாமல் இருக்கும். போட்டதும் மாட்யூல் தானே உருவாகும். டிரைவரை நிவிடியா தளத்திலிருந்து 'ரன்' ஃபைலாக இறக்கிப் போட்டிருந்தால் டிகேஎம்எஸ்ஸுக்கு அது தெரியாமலே இருக்கலாம். அதை நீக்கிவிட்டு மின்ட்டின் டிரைவர் மேனேஜர் வழியாகப் போடுங்கள்.

மாட்யூல் இருந்தும் கறுப்புத் திரை என்றால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததை ஓடவிடாத பாதுகாப்பு வசதி) மேல் சந்தேகப்படலாம். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (கையொப்பச் சாவியைப் பதிவு செய்) என்று வரும். பலர் அதைப் படிக்காமல் 'கன்டின்யூ' அழுத்திவிடுவார்கள். சாவி பதியாததால் கெர்னல் மாட்யூலை ஏற்காது. டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்து, இந்த முறை அந்தத் திரையில் என்ரோல் செய்யுங்கள். செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம்தான்; ஆனால் அதே வட்டில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு என்க்ரிப்ஷன்) போட்ட விண்டோஸ் இருந்தால், அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். கையில் வைத்துக்கொண்டு அணையுங்கள்.

390 வரிசை டிரைவர் மட்டுமே பொருந்தும் பழைய கார்டா? அந்த வரிசைக்கு நிவிடியா 2022 இறுதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. பேசாமல் 5.15லேயே இருங்கள், மின்ட் 21க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

கேள்வி: அப்டேட் பாதியில் நின்று, 'பூட்' பார்ட்டிஷனில் இடமில்லை என்கிறது. வட்டில் 300 ஜிபி காலி!

பதில்: வட்டை என்க்ரிப்ட் செய்து இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். அப்போது பூட் தனியாக, சிறிய பார்ட்டிஷனாக ஒதுங்கிவிடும். ஒவ்வொரு கெர்னலோடும் வரும் இனிட்ஆர்டி (பூட் தொடங்கும்போது தேவைப்படும்) ஃபைல் ஒன்றே நூறு எம்பியை எட்டலாம். புதியதை எழுதிய பிறகுதான் பழையது நீங்கும் என்பதால், அந்தக் கூடுதல் இடமும் வேண்டும்.

கெர்னல் ஜன்னலில் 'ரிமூவ் கெர்னல்ஸ்' பொத்தான் இருக்கிறது. இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். ஃபைல்களை மட்டும் கையால் அழிக்காதீர்கள். பேக்கேஜ் பட்டியலில் அந்தக் கெர்னல் அப்படியே இருப்பதால், அடுத்த அப்டேட்டில் அதற்கான இனிட்ஆர்டி திரும்ப முளைக்கும், அல்லது எர்ரரில் நிற்கும். பிறகு அப்டேட் மேனேஜரின் 'பிரிஃபரன்சஸ்', 'ஆட்டோமேஷன்' பக்கத்தில் பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் வசதியை ஆன் செய்யுங்கள்.

கேள்வி: கெர்னல் தளத்தில் இன்னும் புதிய எண் வந்திருக்கிறதே, அதைப் போடலாமா?

பதில்: ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு தடவை புது எண் வரும், துரத்தி மாளாது. மின்ட்டின் அடித்தளமான உபுண்டு தரும் 'மெயின்லைன்' (கெர்னல் தளத்தில் வந்தபடியே கட்டிய) கெர்னல்களில் கையொப்பம் இல்லை, செக்யூர் பூட் அவற்றை ஓடவிடாது. பாதுகாப்புத் திருத்தமும் தானாக வராது. உங்கள் சிப்புக்கான டிரைவர் அந்த எண்ணில்தான் வந்திருக்கிறது என்றால் மட்டும் போடுங்கள்.