கச்சினா உருவம் நிற்காமல் சாய்கிறது: பீடம் ஒட்டலாமா?

பீடம் ஒட்ட வேண்டாம். நீங்கள் வாங்கிய 20 செ.மீ. கச்சினா மர உருவம் தானாக நிற்காமல் சாய்வது, நீங்கள் ஐயப்படுவதுபோல், பெரும்பாலும் உடைந்ததால் அன்று.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பழங்குடியினரான ஹோப்பி மக்கள் 'திஹு' என்றழைக்கும் இவ்வுருவங்கள், சடங்குகளின்போது கச்சினா எனும் ஆவிகளின் வேடமணிந்தவர்களால் சிறுமியருக்கு வழங்கப்பட்டு, வீட்டுச் சுவரிலோ கூரை மரத்திலோ தொங்கவிடப்பட்டவை என்பதால், பழைய பாணியில் செதுக்கியவர்கள் அவற்றை நிற்க வைப்பது பற்றிக் கவலைப்படவில்லை. பீடம் என்பது சேகரிப்பாளரின் அலமாரிக்காகப் பின்னாளில் வந்த வசதி.

உறுதிசெய்ய, முதலில் கழுத்தையும் முதுகையும் பாருங்கள்: கயிறோ, அது கட்டப்பட்டிருந்த தடமோ, சிறு துளையோ தெரிய வேண்டும். பின்னர் பாதங்களின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பழைய பசையோ புதிதாக முறிந்த மரமோ தெரிந்தால்தான் உடைந்தது என்ற உங்கள் ஐயம் சரி. கையில் எடுக்கும்போது அளவுக்குப் பொருந்தாத அளவு இலேசாக இருந்தால், அது மரபாகப் பயன்படும் காட்டன்வுட் என்ற மரத்தின் வேராக இருக்கலாம்.

ஆனால், இன்றைய ஹோப்பிக் கலைஞர்கள் சிலரும் பழைய பாணியிலேயே செதுக்குவதால், தொங்கவிடும் கயிறு மட்டுமே வயதுக்குச் சான்றாகாது. வெண்களிமண் பூச்சின் மேலுள்ள மண்நிறங்கள் தொட்டாலே உதிரக்கூடும். ஈரத்துணி அருகில் வரவே கூடாது. இறகுகளையும் கவனியுங்கள்: அவை கழுகிறகாக இருந்தால், எவ்வளவு பழையதாயினும் அமெரிக்காவில் அவ்வுருவத்தை அவற்றோடு விற்பது சட்டவிரோதம்.

தொங்கவிடுவதானால் பழைய கயிற்றை நம்பாதீர்கள். பஞ்சு பொதிந்த தாங்கியில் சாய்த்து வைப்பதே பாதுகாப்பு.