கைமுதல் – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கம்பெனி பதிவு செய்து, அட்லாண்டாவின் மேற்குப் பக்கம், பழைய ரயில் தடத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பெல்ட்லைன் பாதையை ஒட்டிப் பழைய வீடுகளை வாங்கி, சரிபண்ணி விற்கிறோம். அங்கே பல தலைமுறைகளாகக் கறுப்பினத்தவர்தான் அதிகம். மாநகராட்சி வேலைகளில் சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு என்று ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். இது நம்மூர் இடஒதுக்கீடு மாதிரிதானே? திறமை உள்ளவன் கட்டட்டுமே, கட்டடத்துக்கு என்ன நிறம்? தரம் போய்விடாதா? இந்தியர்களான நாங்களும் சிறுபான்மைதான், நாங்கள் பதிவு செய்துகொண்டால் தப்பா? நல்ல விலை கொடுக்கிறோம், அவர்களும் விற்கிறார்கள். இதில் யாருக்கு என்ன அநியாயம்? என் மனைவிக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. உங்களுக்கு எழுதச் சொன்னவளும் அவள்தான்.

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொஞ்ச நாளாக ஹெர்மன் ரஸ்ஸல் என்ற கறுப்பினக் கட்டுநரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஊரிலிருந்தே கடிதம் வந்துவிட்டது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பல திட்டங்களில் இந்திய வம்சாவளியினரையும் சிறுபான்மைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த வரிசை எதற்காக உண்டானது என்று தெரிந்துகொண்டு போய் நில்லுங்கள், அவ்வளவுதான். தரமா? ஊருக்கு விமானம் ஏறப் போகும்போது சர்வதேச முனையத்தின் மேல் மேனார்ட் ஜாக்சன் என்று ஒரு பெயர் இருக்கிறதே, யாரென்று கேட்டிருக்கிறீர்களா? 1973-ல் தேர்வான அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர். அதுவரை மாநகராட்சி ஒப்பந்தங்களில் கறுப்பினத்தவருக்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறியதில்லை. புது விமான நிலைய வேலையில் 25 சதவீதம் சிறுபான்மை நிறுவனங்களுக்கு, இல்லையென்றால் வேலையே நடக்காது என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் புது விமான நிலையம் 1980-ல் திறந்தது. இன்றைக்கு வரை உலகத்தின் பரபரப்பான விமான நிலையங்களில் அது ஒன்று. தரத்தைப் பற்றி இனி என்னிடம் பேசாதீர்கள்.

கட்டடத்துக்கு என்ன நிறம் என்று கேட்டீர்களே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. கட்டடத்தை யார் கட்டுகிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் கைமுதல் போடுகிறார், யாருடைய சொத்து ஈடாகச் செல்லும் என்று பாருங்கள். ரியல் எஸ்டேட்டில் மீதியெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு அடுக்குமாடி கட்ட வேண்டுமென்றால் வங்கி மொத்தப் பணத்தையும் தராது. ஒரு பகுதியை நீங்கள் போட வேண்டும். ஒப்பந்தக்காரராக மட்டும் இருந்தாலும், வேலையை முடித்துத் தருவேன் என்பதற்கு ஜாமீன் பத்திரம் கேட்பார்கள். அதைக் கொடுக்கும் கம்பெனி உங்கள் ஆஸ்தியைப் பார்க்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு ஆஸ்தி என்றால் என்ன? அப்பா வாங்கிய வீடுதானே?

அந்த வீட்டில்தான் கை வைத்தார்கள். 1930-களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கெல்லாம் வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் தெருக்களைச் சிவப்பு அடித்து வைத்தது. 1934-ல் வந்த வீட்டுவசதி நிர்வாகமும் அந்தத் தெருக்களில் கடனுக்குக் காப்புறுதி தர மறுத்தது. வெள்ளைக்காரருக்கு அரசு ஆதரவோடு முப்பது வருடக் கடன் கிடைத்தது. கறுப்பினத்தவர் வீடு வாங்கினாலும் அதன் மதிப்பு ஏறவில்லை. இரண்டு தலைமுறை கழித்து ஒருவரிடம் ஈடு இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. அப்புறம் நீங்கள் வந்து திறமை உள்ளவன் கட்டட்டும் என்கிறீர்கள்.

திறமைக்கு என்ன குறைச்சல்? உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காலியர் ஹைட்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய்ப் பாருங்கள். 1950-களில் கறுப்பினத்தவரே திட்டமிட்டு, கறுப்பின வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கடன் கொடுத்து, கறுப்பினக் கட்டுநர்கள் கட்டிய பகுதி. அகலமான தாழ்ந்த வீடுகள். பல வீடுகளில் நிலவறையைப் பெரிய விருந்துக் கூடமாகவே, மதுக் கவுண்டரோடு கட்டியிருக்கிறார்கள். ஊரின் ஹோட்டல்களிலும் கிளப்களிலும் உள்ளே விடாத காலம். கல்யாணப் பேச்சு, கட்சிப் பேச்சு எல்லாம் அங்கேதான். அதே நகரத்தில் 1962 டிசம்பரில், வெள்ளையர் பகுதிக்குள் கறுப்பினத்தவர் வீடு வாங்கிவிடக் கூடாதென்று மாநகராட்சியே பெய்ட்டன் ரோட்டில் தடுப்புப் போட்டது. அடுத்த மார்ச்சில் நீதிமன்ற உத்தரவில்தான் அகற்றினார்கள்.

ரஸ்ஸலின் வீடும் காலியர் ஹைட்ஸில்தான் இருந்தது. ஆனால் பிறந்தது அட்லாண்டாவின் சம்மர்ஹில் பகுதியில், சுவர் பூசும் தொழிலாளியின் மகன். பதினாறு வயதில் 125 டாலருக்கு ஒரு மனை வாங்கி, நண்பர்களின் உதவியோடு அதில் இரட்டை வீடு கட்டி, அந்த வாடகையில் கல்லூரிக்குப் போனார். பின்னாளில் நாட்டின் பெரிய கறுப்பினக் கட்டுமான நிறுவனங்களில் ஒன்று அவருடையது. அந்த ஒற்றை மனைதான் கைமுதல். அது கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?

எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். எங்கள் ஊரில் பாதி வீடுகள் அவர் கை வைத்தவை. சொந்தமாக நாலு வீடு கட்டி விற்கலாமென்று கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். நானும் துணைக்குப் போயிருந்தேன். அவரிடம் இருந்தது அரசு கொடுத்த கண்டிஷன் பட்டா, இஷ்டத்துக்கு விற்க முடியாதபடி நிபந்தனை போட்டது. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மேஸ்திரி கடைசிவரை அடுத்தவன் மனையில்தான் கல் வைத்தார்.

யாருக்கு என்ன அநியாயம் என்ற உங்கள் கடைசிக் கேள்வி எங்கேயோ நின்றுவிட்டது. நல்ல விலை என்கிறீர்கள். மேற்குப் பக்கத்தில் பல வீடுகள் உயில் எழுதாமல் செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. வாரிசு பத்துப் பேர் பத்து ஊரில். இது நமக்குத் தெரியாத கதையா? பாகம் பிரியாத சொத்துக்கு எந்த வங்கி கடன் தரும்? கூரை ஒழுகும், பழுதுபார்க்கப் பணம் வராது, பக்கத்தில் பாதை வந்ததும் சொத்துவரி ஏறும். அந்தச் சமயம் பார்த்துத் தபாலில் ஒரு அட்டை வரும்: ‘எந்த நிலையில் இருந்தாலும் உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்.’ கார்த்திகேயன், உங்கள் எட்டுப் பேர் கம்பெனியும் அந்த அட்டையை அனுப்புகிறதா இல்லையா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லையே. பெல்ட்லைனை 1999-ல் மாணவராக இருந்து கனவு கண்ட ரயான் கிரேவலே, பழைய குடிகளுக்கு இடமில்லாமல் போகிறது என்று 2016-ல் அதன் ஆதரவு அமைப்பின் குழுவிலிருந்து விலகினார். அவரைவிட அந்தப் பாதையை நேசித்தவர் யார்?

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் கெட்டவரில்லை என்று தெரியும். ஊரில் அப்பாவுக்கு வீடு கட்டிக்கொடுத்தவர், முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அட்லாண்டா மேற்குப் பக்கத்துக் கறுப்பினத்தவரில் கட்டத் தெரிந்தவர், கைமுதல் இல்லாமல் அடுத்தவன் வேலைக்குச் சப்-கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருப்பவர் நிச்சயம் இருப்பார். எட்டுப் பேரும் சேர்த்த பணத்தை அவரோடு போடுங்கள். நூற்றில் 51 பங்கு அவருக்கு, மீதி உங்களுக்கு. பேருக்கு அவரை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னாலிருந்து நடத்தும் பினாமி வேலை கூடாது. இந்தத் திட்டங்களைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு. நண்பர்கள் ஏழு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அட்டை விஷயத்தையும் சேர்த்து.