"என்ட ரத்தத்த எடுத்து விக்கிறாங்க" என்கிறார் கணவர்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்து சீவிக்கும் குடும்பம். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். கணவருக்கு நாற்பத்தைந்து வயதாகிறது.

போன பெரும்போகத்துக்கு வரம்பு கட்டி விதைத்து முடித்த கையோடு அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. கண் சிவந்து, கெண்டைக்கால் தொட ஏலாத நோவு. கிட்டிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டொரு நாளில் கண் மஞ்சளாகி, சலம் போவதும் நின்றுவிட்டது. அங்கிருந்து அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலிக்காய்ச்சல், கிட்னி வேலை செய்யவில்லை, நுரையீரலுக்குள் இரத்தம் கசிகிறது என்றார்கள். ஐ.சி.யு.வில் வைத்து வாய்க்குள்ளால் குழாய் விட்டு மிசினில் மூச்சுக் கொடுத்தார்கள். கழுத்தில் குழாய் போட்டு இரத்தம் சுத்திகரித்தார்கள். "எதையும் தாங்கிக்கொள்ளுங்கோ" என்று ஒரு டொக்டர் சொன்ன நாளும் உண்டு.

ஐ.சி.யு. வாசலில் பாய் விரித்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. காத்தான்குடிப் பக்கத்து ராத்தா ஒருவ தன் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை எனக்கும் ஊற்றித் தருவா. அவவின் உம்மாவும் உள்ளேதான் இருந்தா. உள்ளே போய்ப் பார்க்கக் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். ஒருநாள் கதவு திறந்தபோது ஒரு நேர்ஸ் பிள்ளை ஈரத்துணியால் இவர் உதட்டைத் துடைத்தபடி ஏதோ கதைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். இவருக்குச் சுயநினைவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடவுள் புண்ணியம், ஆள் பிழைத்து தை மாதம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை. நடுச்சாமத்தில் எழும்பிக் கழுத்தைப் பிடித்து இழுக்கிறார். "வள்ளத்தில கிடத்திக் கட்டி ஆத்துக்குள்ள அமுக்கினாங்க. மிசின வெச்சு என்ட ரத்தத்த எடுத்து விக்கிறாங்க. அந்த நேர்ஸ்தான் கையக் கட்டினவ. நீ எங்க போன? கூப்பிடக் கூப்பிட வரல்லையே" என்கிறார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. பசளைக் காசைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் பாதியில் மறந்து, கொப்பியை எறிகிறார். கிளினிக் போகமாட்டேன், அங்கே போனால் திரும்பப் பிடித்துக் கட்டுவார்கள் என்கிறார். இரண்டு தவணை தப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டு இரண்டிலும் கறுத்த தழும்பு இருந்தது, நானே கண்டேன். அதைப் பார்த்த இவரின் தம்பி, அந்த நேர்ஸின் பெயரைக் கண்டுபிடித்து பேஸ்புக்கில் போடவேண்டும் என்று நிற்கிறார். மாமி இது யாரோ செய்த வேலை என்று கட்டுச் சொல்பவரிடம் போய்வந்து, தண்ணி ஓதிக் குடிக்கக் கொடுக்கிறா. எனக்கோ போன் அடித்தால் நெஞ்சு பதறிக் கைகால் குளிர்ந்துவிடுகிறது. ஐ.சி.யு.வில் இருந்து இரவில் எடுப்பார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை.

இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? உண்மையிலேயே கட்டினார்களா, ஏன்? இவர் சொல்லும்போது நான் ஆம் என்பதா, இல்லை என்பதா? சிறுபோகத்துக்கு வயலில் இறங்கப்போகிறேன் என்று வேறு நிற்கிறார். விடலாமா?

ஒரு வாசகி, படுவான்கரை

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அவர் பொய் சொல்லவும் இல்லை.

மூச்சு மிசினில் கிடப்பவர்களின் மூளை கலங்கிப்போவது ஐ.சி.யு.வில் அன்றாடம் நடப்பது. டெலிரியம் என்பார்கள். கிருமி உடம்பெல்லாம் பரவியிருக்கும். கிட்னி நின்றதால் கழிவு இரத்தத்தில் தேங்கும். அதற்கு மேல் தூக்க மருந்து, ஒட்சிசன் குறைவு, இரவு பகல் தெரியாத லைட் வெளிச்சம், விட்டுவிட்டு அலறும் மிசின்கள். அமெரிக்காவில் கடும் வருத்தத்தோடு ஐ.சி.யு.வில் இருந்த 821 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், 74 வீதமானோர் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் இப்படிக் கலங்கியிருந்தார்கள். நான்கு பேரில் மூன்று பேர் என்று வையுங்கள். இது தெரியாததால்தான் வீட்டுக்கு வீடு தனித்தனியாக ஒளித்து வைத்து அழுகிறோம்.

கலங்கிய மூளையும் சும்மா கிடப்பதில்லை. உடம்பில் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தேடிக் கதை கட்டுகிறது. உங்கள் கணவர் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க ஐ.சி.யு.வில் காற்று மெத்தை போடுவார்கள். அது மாறிமாறி ஊதி வற்றும்போது கிடப்பவருக்கு ஆடுவதுபோல் இருக்கும். வாவியோடு வளர்ந்த மனிதருக்கு அது வள்ளமாகத் தெரிந்ததில் என்ன அதிசயம்? தொண்டைக் குழாய்க்குள் சேரும் சளியை அடிக்கடி உறிஞ்சி எடுக்கவேண்டும். எடுக்கும் அந்தக் கணம் மூச்சடைத்து, தண்ணிக்குள் அமுக்கியதுபோல் இருக்கும் என்று பிழைத்து வந்தவர்கள் பலர் சொல்வார்கள். கழுத்துக் குழாயால் இரத்தம் வெளியே ஓடி மிசினுக்குள் போனது நடந்த விடயம். திரும்ப உள்ளே வந்ததை மட்டும் அவர் அறியவில்லை. களவு என்று நினைத்துவிட்டார். "கூப்பிடக் கூப்பிட நீ வரல்ல" என்பதும் அப்படித்தான். குழாய் குரல்நாணுக்குள்ளால் போவதால் சத்தமே வராது. அவர் கூப்பிட்டது அவருக்கு மட்டும்தான் கேட்டது, தங்கச்சி. வாசலில் கிடந்த உங்கள் காதுக்கு அது எப்படி வரும்?

கையைக் கட்டியிருக்கிறார்கள், தழும்பே சாட்சி. கலங்கிப்போன ஒருவரின் கை முதலில் போவது வாய்க் குழாய்க்குத்தான். அதை இழுத்துவிட்டால், நுரையீரலில் இரத்தம் கசியும் ஒருவர் சில நிமிடங்களில் போய்விடலாம். கழுத்துக் குழாயை இழுத்தால் இரத்தம் பீறிடும். அதனால் பஞ்சு வைத்துப் பட்டித் துணியால் மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அதே நேரம், கட்டுவது நல்ல வழி என்று நான் சொல்லமாட்டேன். கட்டப்பட்டவர்களுக்குப் பிறகு இந்தப் பயக்கனவுகள் கூடுதலாக வருவதைக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஒரு கட்டிலுக்கு ஒரு தாதி என்று நின்றால் கையைப் பிடித்துக்கொண்டே பேசிச் சமாளிக்கலாம். ஒரே ஆள் பக்கத்துக் கட்டிலையும் பார்க்கவேண்டிய இரவில் துணிதான் மிஞ்சுகிறது. கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை வராமல் கிடந்த தாதியரோடு நான் கதைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. கட்டும்போதே உங்களை அழைத்து, இன்னதற்காகக் கட்டுகிறோம் என்று சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே கணவரின் தம்பியிடம் சொல்லுங்கள்: பேஸ்புக் வேண்டாம், முதலில் நேரே போய்க் கேட்போம். அந்தப் பிரிவின் பொறுப்புத் தாதியிடமோ வைத்திய நிபுணரிடமோ நேரம் கேட்டு, எந்த நாட்களில் கட்டினீர்கள், ஏன், எத்தனை மணிக்கொரு தரம் அவிழ்த்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நோயாளியின் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டில், எழுதியிருக்கவேண்டும். கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தி தராவிட்டால் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கலங்கிய நினைவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் பெயரை ஊருக்குள் எறிவதற்கு நான் துணை நிற்கமாட்டேன். நீங்கள் கதவிடுக்கால் கண்ட, உதட்டைத் துடைத்துவிட்ட பிள்ளை அவவாகவும் இருக்கலாம்.

இனி அவரோடு எப்படிக் கதைப்பது? "அதெல்லாம் கனவு, விடுங்க" என்று சொன்னால், செத்துப் பிழைத்த பயத்தோடு அவர் தனித்துப்போவார். "ஓம், வித்தாங்கதான்" என்றாலோ பயம் இன்னும் இறுகும். பயத்தை ஏற்றுக்கொண்டு, நடந்ததைச் சொல்லுங்கள். உங்கள் வாயில் வரும் மாதிரியே: "கையக் கட்டினது உண்மைதான். குழாய இழுத்திருவீங்க எண்டு பயந்து கட்டினவங்க. உங்களுக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும். நான் எங்கயும் போகல்ல, கதவடியில பாய் போட்டுக் கிடந்தன்." நடுச்சாமத்தில் வியாக்கியானம் வேண்டாம். லைட்டைப் போட்டு, கையைப் பிடித்து, இது நம்மட வீடு, இன்றைக்கு இன்ன கிழமை, நாய் குலைக்குது கேக்குதா என்று சொன்னால் போதும். கதையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் செய்ய ஒரு வேலை தருகிறேன். பிள்ளையின் கொப்பி ஒன்றை எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளில் இருந்து வீட்டுக்கு வந்தது வரை உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். எந்த நாள் குழாய் போட்டது, எந்த நாள் சலம் வரத் தொடங்கியது, டொக்டர் என்ன சொன்னார், மகள் கோயிலில் என்ன நேர்ந்தாள், அன்றைக்கு மழையா வெயிலா, அந்த ராத்தாவின் தேத்தண்ணி, எல்லாம். போனில் படம் இருந்தால் திகதியைக் குறியுங்கள். டென்மார்க், சுவீடன், நோர்வே நாட்டுத் தாதியர் நோயாளியின் கட்டிலடியிலேயே இப்படிக் கொப்பி வைத்து எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை 1990களிலேயே வைத்திருந்தார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், கொப்பி கிடைத்தவர்களில் 5 வீதமானோருக்கும் கிடைக்காதவர்களில் 13 வீதமானோருக்கும் நெடுநாள் மனவடு நோய் புதிதாக வந்திருந்தது. 2019இல் பிரான்சில் செய்த ஆய்வில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் நான் இதை விடமாட்டேன். தன் வாழ்க்கையில் இல்லாமல் போன நாட்களை அவரே வாசித்து அறிவதால் ஒரு கெடுதியும் இல்லை. இப்போது அந்த வெற்றிடத்தில் வள்ளமும் ஆறும் மட்டும்தான் இருக்கின்றன. வற்புறுத்திக் கையில் திணிக்காதீர்கள். மேசையில் வைத்துவிடுங்கள், அவராக எடுக்கட்டும்.

கொப்பியை வாசித்து, அவரும் விரும்பினால், அந்த ஐ.சி.யு.வுக்கு ஒருநாள் கூட்டிப் போகலாம். பொறுப்புத் தாதியிடம் முன்கூட்டியே கேட்டு, சனம் குறைந்த நேரத்தில் போங்கள். அந்த மெத்தையையும் மிசினையும் உடுத்த உடுப்போடு நின்று பார்க்கட்டும். தாதியருக்கும் இது பெரிய விடயம். பிழைத்தவர்கள் வார்டுக்கு மாறிப் போய்விடுவதால், தாங்கள் கழுவித் துடைத்துக் காப்பாற்றிய ஆள் நடந்து வருவதை அவர்கள் காண்பதே அபூர்வம்.

கணக்கு மறப்பதும் கோபமும் இதே வருத்தத்தின் மிச்சம். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பத்தில் நான்கு பேரின் நினைவும் கவனமும் தலையில் நடுத்தரமாக அடிபட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தன. பலருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கும். பெரிய கணக்கை இப்போதைக்கு மகளிடம் கொடுங்கள். அவர் அன்றைய சந்தைக் காசை மட்டும் எழுதட்டும்.

கிளினிக்கை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. எலிக்காய்ச்சலில் நின்ற கிட்னி பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் தேறியதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போவதற்கு முன் அங்குள்ள டொக்டரிடமோ மிஸ்ஸிடமோ, "கையில தொட முந்தி அவருக்குச் சொல்லிப்போட்டுத் தொடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். அதே நாளில் உளநல கிளினிக்கிலும் காட்டுங்கள். கனவும் அந்த இடத்துக்குப் போகப் பயப்படுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும், சிகிச்சையும் உண்டு. இருந்து என்ன பயன் என்பதுபோல் அவர் கதைத்தால் தவணை வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மாமியோடு சண்டை வேண்டாம். அவவும் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த தாய். நேர்த்தியை வைகாசிச் சடங்கில் தீர்க்கட்டும், ஓதிய தண்ணியும் கொடுக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் விடாதீர்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. ஐ.சி.யு. வாசலில் கிடந்த குடும்பத்தினரை மூன்று மாதத்தின் பின் பிரான்சில் விசாரித்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு உங்களைப் போல் நெஞ்சுப் பதற்றமும் திடுக்கிடலும் இருந்தன. 2005இல் வெளியான ஆய்வு அது. உங்களுக்கும் இது வருத்தத்தின் ஒரு பகுதிதான், பலவீனம் இல்லை. போனின் மணிச்சத்தத்தை இன்றைக்கே மாற்றுங்கள், அந்தச் சத்தம் உங்களுக்கு இனி வேண்டாம். கிழமையில் சில இரவு கணவரின் தம்பியோ மாமியோ அவர் பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு படுத்து நித்திரை கொள்ளுங்கள். உளநல கிளினிக்கில் உங்களுக்கும் ஒரு துண்டு போடச் சொல்லுங்கள்.

வயலைப் பற்றிக் கேட்டீர்கள். சிறுபோகத்தை இந்த முறை தம்பியிடம் விடுங்கள், அவருடைய கோபத்துக்கும் ஒரு வேலை ஆகும். கணவர் வயல் வட்டைக்குப் போகட்டும். வாடிக் குடிசையில் இருந்து பார்க்கட்டும், வரம்பால் நடக்கட்டும். மிசினில் கிடந்த உடம்பு தசையெல்லாம் கரைந்த உடம்பு, நடந்து நடந்துதான் தேறும். சேற்றில் இறங்குவது கிளினிக் டொக்டர் சரி என்ற பிறகு. ஒருமுறை வந்தால் எலிக்காய்ச்சல் இனி வராது என்று ஊரில் சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கிருமியில் பல வகை உண்டு. விதைப்புக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடமோ, எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க எடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள். வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை எடுப்பது அது. தம்பிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.