மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது!

கேள்வி: வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருப்பதால், பழம் பறிக்கிற சீசனில் நவம்பர் தொடங்கி இரண்டு மூன்று மாதம் அங்கேதான் வாசம். லேப்டாப்பில் தண்டர்பேர்டு என்கிற மெயில் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். சேலத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மலைக்கு வந்துவிட்டால் வருகிற மெயில் வருகிறது, நான் அனுப்புவது மட்டும் போவதில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்கிறது. அதே மெயிலை பிரவுசரில் திறந்து அனுப்பினால் போய்விடுகிறது! கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா? செட்டிங்ஸ் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், ஏற்காடு

பதில்: போடாதீர்கள் சார். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இருந்தால் அது கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த பிறகுதான் தெரிய வேண்டும் என்று காத்திருக்காது.

மெயில் வருவதும் போவதும் ஒரே வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் வேறு வேறு சர்வர். வந்த மெயில் உங்கள் பெயர் போட்ட பெட்டியில் கிடக்கிறது, சாவியைப் போட்டு எடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என்கிற இன்னொரு கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் நீங்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள், உங்கள் தபாலை நான் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பார். வருகிற மெயில் வருகிறது என்பதால் போகிற வழியும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரவுசரில் போவதும் இந்த வழி இல்லை. அது மற்ற இணையப் பக்கங்களைப் போல 443 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண் போட்ட வாசல் வழியாக, போய்விடுகிறது, உங்கள் வீட்டிலிருந்து எஸ்எம்டிபி பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். வெளியே போகும் சர்வராக சேலத்தில் உங்களுக்கு நெட் கொடுக்கும் நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது, போர்ட் 25, பாஸ்வேர்டு கிடையாது. கனெக்ஷன் கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போயிருப்பார். சேலத்தில் அது அவர்களுடைய லைன் என்பதால், 'நம்ம ஆள்தான்' என்று கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஏற்காட்டில் நீங்கள் வைத்திருப்பது வேறு நிறுவனத்தின் லைன். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் உரிமையாளருக்கே தெரியாமல் ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்பியது 25 வழியாகத்தான், அதனால் பல நிறுவனங்கள் வீட்டு லைன்களில் அந்தப் போர்ட்டையே அடைத்துவிட்டன. டைம்டு அவுட் என்றால் பெரும்பாலும் இதுதான், தட்டின கதவுக்குப் பதிலே இல்லை. ஒருவேளை அடைக்காமல் விட்டிருந்தாலும், அடுத்தவர் லைனிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் வருகிற மெயிலை அந்த சர்வர் வாங்காது, 550 என்று ஒரு எண்ணைப் போட்டுத் திருப்பிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்தால், இடது பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் மெயில் முகவரியோடு ஒட்டாமல் 'அவுட்கோயிங் சர்வர்' என்று தனியாக ஒன்று கிடக்கும். முகவரிக்குக் கீழேயே தேடிக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் அது படாது. அதில் சேலம் நிறுவனத்தின் சர்வரை எடுத்துவிட்டு, உங்கள் மெயில் முகவரி யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய எஸ்எம்டிபி சர்வர் பெயரைப் போடுங்கள். போர்ட் 587, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ், யூசர் நேம் என்ற இடத்தில் முழு மெயில் முகவரி, அப்புறம் பாஸ்வேர்டு. வீட்டிலிருந்து மெயிலை ஒப்படைப்பதற்கென்றே 1998-ல் ஒதுக்கிய போர்ட் 587, இங்கே யார் என்று காட்டாமல் நுழைய முடியாது என்பதால் அதைப் பொதுவாக யாரும் அடைப்பதில்லை. 465-உம் நல்ல போர்ட்தான், ஆனால் அதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் இல்லாமல் எஸ்எஸ்எல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் சுற்றுகிறதே என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. இதைச் சரியாகப் போட்டுவிட்டால் சேலம், ஏற்காடு, பெங்களூரில் மகள் வீடு என்று எங்கே உட்கார்ந்தாலும் மறுபடி மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுவதற்கு முன்னால் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஆசையா? விண்டோஸில் டெல்நெட் என்கிற, இணைப்பைத் தட்டிப் பார்க்க உதவும் சின்னக் கருவியை இயக்கிக்கொண்டு, கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கருப்புத் திரையில் டெல்நெட் என்று அடித்து இடைவெளி விட்டு சர்வர் பெயர், மறுபடி இடைவெளி விட்டு 587 என்று போடுங்கள். 220 என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது. 465-க்கு இதையே செய்தால் வெறும் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டும், பயப்படாதீர்கள், அது தொடக்கத்திலிருந்தே பூட்டிப் பேசுகிற போர்ட். நானே அஸ்தம்பட்டியில் வீடு மாறியபோது இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. மாடல் படங்களை மொத்தமாக ஒரே மெயிலில் வைத்து அனுப்பினேன், 24 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும் என்கிறார்களே? அவுட்லுக்கில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு அனுப்பிய பில்களும் போகவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: 24 என்பது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எடை. மெயிலில் ஏற்றும்போது படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும், மூன்று பைட் நான்காகிவிடும். அதாவது 24 எம்பி, 32 ஆகிவிட்டது! ஜிமெயிலுக்கு 18 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் வம்பில்லை. பில்கள் போகாததற்குக் காரணமும் இந்த மெயில்தான், மலைப்பாதையில் லாரி நின்றால் பின்னால் வருகிற பஸ்ஸும் நிற்க வேண்டியதுதானே. அவுட்லுக்கில் 'ஒர்க் ஆஃப்லைன்' பட்டனை அழுத்திவிட்டு, அவுட்பாக்ஸிலிருந்து அந்த மெயிலை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போடுங்கள். பட்டனை மறுபடி அழுத்தியதும் பில்கள் கிளம்பிவிடும். கொலுசுப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். சலங்கையின் திருகு வரைக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிற வியாபாரிக்குப் படத்தைச் சுருக்கி அனுப்பினால் அவரும் திட்டுவார்.

கேள்வி: பழைய மெயில் சாஃப்ட்வேரில் ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். 535 என்று வந்து, ஏற்கவில்லை என்கிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: முப்பது முறை மாற்றினாலும் ஏற்காதும்மா. தனியாள் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து நுழைகிற சாஃப்ட்வேர்களை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கிவிட்டது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று உருவாக்குங்கள். 16 எழுத்து வரும், இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்து, பழைய பாஸ்வேர்டு இருந்த இடத்தில் போடுங்கள். நாளைக்கு ஜிமெயில் பாஸ்வேர்டை மறுபடி மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாமல் போய்விடும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். அதனால் நான்காவது முறை மாற்றாதீர்கள்.