தவறிய நாளுக்குத் தண்டனை வேண்டாம்

ஐயா,

திருகோணமலை டச்சு வளைகுடாக் கரையில் விடிய நடப்பதென்று இந்த வருடம் நான்காம் தடவையாகத் தொடங்கி, ஒன்பதாம் நாளோடு விட்டுவிட்டேன். நித்திரைக்குப் போகப் பன்னிரண்டாகிறது. ஐந்து மணி அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுக்கிறேன். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனியும் குறையவில்லை. நாள் முழுக்க என்னையே ஏசிக்கொள்கிறேன். எனக்குக் கட்டுப்பாடே வராதா?

வாசகி, உவர்மலை

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுப்பாடே இல்லாதவர் நான்காம் தடவை தொடங்கமாட்டார். உங்களை மறித்தது அந்த ஏச்சு. ஏச்சு விழும் இடத்துக்கு மனம் திரும்பிப் போகாது; சப்பாத்தைக் கண்டாலே ஒதுங்கும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 கிழமை அவதானித்து 2010 இல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கம் தானாக நடக்க ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் ஆகும் என்று அந்தப் போக்கிலிருந்து கணித்தார்கள், நடுவளவு 66. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் குலைக்கவில்லை.

தவறிய நாளுக்கு உங்களையே மன்னிப்பதென்றால் கண்டுகொள்ளாமல் விடுவதென்று நினைக்காதீர்கள். பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் எந்த வரியில் பிழைத்தது என்று பார்ப்போமே, அப்படி. உங்கள் பிழை இரவு பன்னிரண்டு மணி வரியில் இருக்கிறது. ஐந்து மணித்தியால நித்திரையில் எழும்ப மறுப்பது உடம்பின் நியாயம். நித்திரை சீராகும்வரை விடியலை விடுங்கள்.

பின்னேரத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் சப்பாத்து, பத்து நிமிட நடை. மணியைப் பார்க்க வேண்டாம், கோப்பையே அடையாளம். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் வெயில் தாழட்டும். மார்கழி மழைக்கு விறாந்தையில் அதே பத்து நிமிடம். இதை இன்றே தீர்மானியுங்கள். மழை தொடங்கியபின் யோசித்தால் யோசனையிலேயே பொழுது போய்விடும். உற்சாகத்தில் ஒருநாள் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு மறுநாளும் அதையே எதிர்பார்ப்பதில்தான் பலர் விழுகிறார்கள். மூன்று கிழமை பத்து நிமிடமே போதும். பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டி, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கிழமைக்கு 150 நிமிடத்துக்கு வரலாம்.

சீனியை இரண்டரைக் கரண்டியாக்கிப் பத்து நாள், பிறகு இரண்டு. நாக்கு பழகிக்கொள்ளும்.

கலண்டரில் நடந்த நாளுக்குப் புள்ளி வையுங்கள். தவறிய நாளுக்குக் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: விருந்தாளி, மழை, கால்நோவு. ஒரே சொல் மூன்று தடவை வந்தால் நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள்.

இன்று பின்னேரமே தொடங்கலாம். நேற்றைக்கும் சேர்த்து இருபது நிமிடம் நடக்க வேண்டாம்.